கிடக்கிற சாமானுக்குக் கிறீஸ்

என் இடக்கைச் சுட்டுவிரலில் உன்னுடைய கிறீஸ் இருக்கிறது, மச்சான். மூன்று நாளாய்க் கழுவவில்லை. சவர்க்காரம் படாமல் அந்த ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு கிணற்றடியில் குளிக்கிறேன். மனிசி பார்த்துவிட்டு, "என்னப்பா, விரலிலை புண்ணோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு விரலை மூக்கில் வைத்தால் மணம் அப்படியே வருகிறது. வள்ளத்து எஞ்சினுக்குப் பூசுகிற கிறீஸ் மணமும், நீ அதற்குள் உருக்கி ஊற்றிய கோயில் மெழுகுதிரி மணமும். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் போகவில்லை. ஒருநாள் முழுக்க உனக்குப் பக்கத்தில் இருந்ததுபோல இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது உங்கள் வேதக்கோயில் வாசலில் நின்று நான் ஒன்றைச் சொல்லவேண்டும். உன் அக்கா அப்படித்தான் கேட்டிருக்கிறா. சொன்னால், இந்த வயதில் நான் மண்கும்பானில் ஒரு வீட்டுப் படலையும் திறக்க ஏலாமல் போகலாம். சொல்லாவிட்டால், துவக்கை வித்தவன் என்ற பெயரோடு நீ இன்னும் கிடப்பாய். சனத்துக்குச் சொல்ல முதல் உனக்குச் சொல்லவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை காலமை அக்கா போன் எடுத்தா. "தம்பி, நீர் வைச்ச தென்னையை எடுக்கப் போறாங்கள். புது மலசலகூடத்துக்குக் குழி அதிலைதான் வெட்டவேணுமாம். நீர் வைச்ச மரம், ஒருக்கால் வந்து நில்லும்" என்றா. இத்தனை வருஷமாய் நான் பயந்துகொண்டிருந்தது இந்தப் போனுக்குத்தான். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

மண் வெட்டுகிற பெக்கோ மிசின் இரண்டு தரம் உந்த, தென்னை சரிந்தது. வேருக்குள்ளே உரப்பையின் கிழிசல்களும் நீளமான ஒரு சாமானும் சிக்கியிருந்தன. பெக்கோக்காரன் இறங்கி வந்து, "ஐயா, உது பைப்போ?" என்று என்னைக் கேட்டான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா குசினி வாசலில் கதிரையில் இருந்தபடியே சொன்னா: "அது பைப் இல்லை மோனை. எங்கட அப்பாவின்ர துவக்கு."

பொலிஸ் வர ஒரு மணித்தியாலம் ஆனது. அதுவரைக்கும் குந்தியிருந்து அதையே பார்த்தேன். குழல் முழுக்கத் துரு, நடுவில் விரல் போகிற ஓட்டை. நான் எண்ணெய் போட்ட இடமெல்லாம் தொட்ட உடனே உதிர்ந்து வந்தது. விசைக்கு மேலே இருக்கிற பூட்டுப் பக்கத்தை மட்டும் நான் அன்றைக்குக் கழற்றவில்லை. அதற்குள்ளே சுட்டுவிரலை விட்டுத் தோண்டினேன். கறுத்து, மெழுகாய் இறுகி, உன் கிறீஸ் அப்படியே இருந்தது.

வந்த இரண்டு பேரில் ஒருவர் துவக்கைத் தூக்கி, தோட்டாவை அடிக்கிற குதிரையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். இழுபட்டது. விசையை அமத்தினார். 'டிக்' என்றது. "அம்மா, இது இப்பவும் வேலை செய்யுது!" என்று சிரித்தார். பெக்கோக்காரனும் சிரித்தான், அவர்களோடு வந்த கிராம விதானையாரும் சிரித்தார். அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நேற்று ஒரு பிள்ளையின் தையல் மிசினைத் திருத்தும்போது ஊசிக்கட்டை மாட்டிய சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தேன்.

"ஆர் இதை இதுக்குள்ளை தாட்டது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றா அக்கா. அந்தத் தென்னையை யார் வைத்தது என்று தெரிந்த சீவன் இந்த உலகத்தில் அவவும் நானும்தான். சொல்லும்போது அவ என்னைப் பார்க்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்காத சாமான் இந்தத் தீவில் இல்லை. நான் தையல் மிசின் திருத்துகிறவன். என் முழு வித்தையும் ஒரு சின்ன எண்ணெய்க்குப்பிக்குள்ளே. ஒரு துளி, சரியான இடத்தில், அவ்வளவுதான். துணியில் எண்ணெய் மணக்கிறது என்று பொம்பிளைகள் குறை சொல்லாமல் இருக்க அதற்குள் இரண்டு சொட்டுக் கராம்பு எண்ணெயும் விட்டு வைத்திருப்பேன். வேறு எவனும் அப்படிச் செய்வதில்லை. நீ வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். உப்புத்தண்ணியோடு மல்லுக்கட்டுகிற உனக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் மருந்து கிறீஸ்தான். முழங்கைவரைக்கும் அப்பிக்கொண்டு நிற்பாய்.

"உன்ர எண்ணெயைக் காலமை விட்டால் மத்தியானம் உப்புக்காத்து நக்கிப்போடும்" என்பாய்.

"உன்ர கிறீஸ் ஊரில இருக்கிற மண்ணையெல்லாம் கூப்பிட்டு வைச்சுக்கொள்ளும்" என்பேன் நான்.

அக்காவின் கிணற்றுக் கப்பிக்கு நீ கிறீஸ் பூச, நான் அதைத் துடைத்துவிட்டு எண்ணெய் விட, நீ திரும்பவும் பூச, கடைசியில் கயிறு வழுக்கி வாளி கிணற்றுக்குள் போனது. "உங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து உதுக்குள்ளை இறக்கினால்தான் எனக்கு நிம்மதி" என்று அக்கா அகப்பைக்காம்போடு கலைத்தா. அப்படியெல்லாம் சிரித்த காலம் ஒன்று எங்களுக்கும் இருந்ததுதான்.

பிறகு அந்த வாடைக்காலம். கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க ஏலாத கிழமை. ஆழமில்லாத பரவைக்கடலில் தாரா வாத்து வந்து விழுந்து கிடக்கிறது என்று, உன் அப்பா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவர் கண்மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நீ அதற்கு எங்கெங்கே கிறீஸ் போக ஏலுமோ அங்கெல்லாம் அப்பியிருந்தாய். மண்கும்பான் மணல் சும்மா இருக்குமா? சேற்றுக்குள் முழங்காலில் நின்று, மூச்சைப் பிடித்து, குறி பார்த்து, விசையை இழுத்தாய். குதிரை ஆறுதலாக, பூசைக்குப் போகிற கிழவிமாதிரி, மெல்ல மெல்ல நடந்து போய் தோட்டாவில் சாய்ந்து நின்றது. வெடிக்கவில்லை. தாரா முழுக்க எழும்பிப் பறந்தது. நான் சேற்றுக்குள் விழுந்து சிரித்தேன்.

"டேய், தாராவுக்கு உன்ர கிறீஸ் நல்லாப் பிடிச்சிருக்கு!"

அரை நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில்தான் வாய் திறந்தாய். "சரி, ஒத்துக்கொள்ளுறன். ஓடுற சாமானுக்கு எண்ணெய். ஆனால் கிடக்கிற சாமானுக்குக் கிறீஸ். இதை நீ ஒத்துக்கொள்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் பாதியை நீ தந்தாய், என் பாதியைத் தர எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு பிடிவாதம், மச்சான். இப்போது நினைக்க என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

பிறகு ஊருக்குள் சண்டை வந்து காலம் கெட்டது. வீட்டில் துவக்கு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று ஒரு பக்கம் சொன்னது. கொடுத்தால் தோல் உரியும் என்று மற்றப் பக்கம் சொன்னது. யார் எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை, உனக்கும் எனக்கும் தெரியும். குடுத்தாலும் அடி, குடுக்காவிட்டாலும் அடி. கொஞ்சநாள் தாட்டு வைப்பம், நேரே வந்து கேட்கிறவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவம் என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

உங்கள் குசினிக்குப் பின்னால், பூவரசுக்குக் கீழே கிடங்கு வெட்டினோம். நீ மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கிக் கிறீஸில் கலந்தாய். வெய்யிலுக்கு இளகாதாம், தண்ணி புகாதாம். ஒரு விரற்கடை தடிப்புக்குப் பூசினாய். குழந்தைக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி உள்ளங்கையால் தடவித் தடவி. நான் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். "வேர்வையையும் சேர்த்துப் பூசுறாய், அதுக்குள்ளை இருந்தே துரு பிடிக்கும், பார்." நீ நிமிரவில்லை. "உது இனி ஓடப்போற சாமான் இல்லை. விடு" என்றாய்.

விட்டிருந்தால் நீ இன்றைக்கு உயிரோடு இருப்பாய்.

மழை தொடங்கிய கிழமை அது. இரவெல்லாம் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கிறீஸுக்குள்ளே ஈரம் அடைபட்டு இரும்பு தின்னப்படுகிறது என்றே யோசித்துக்கொண்டு கிடந்தேன். உன் துவக்கில் எனக்கென்ன அக்கறை? ஒன்றுமில்லை. நான் சொன்னது சரி என்று காட்டவேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, பளபளவென்று உன் கையில் தந்து, "எண்ணெயடா இது!" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் எல்லாம்.

நீ எஞ்சின் ஒன்று திருத்த நயினாதீவுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் அயலும் பூசைக்குப் போன நேரம் பார்த்து வந்தேன். தோண்டினேன். மண்ணெண்ணெயால் உன் கிறீஸை வழித்துத் துடைத்தேன். குழலுக்கு உள்ளேயும் வெளியேயும் என் குப்பி எண்ணெய். பூட்டைத் திறக்கிற பெரிய முறுக்கி என்னிடம் இல்லை, என் பெட்டியில் இருந்ததெல்லாம் தையல் மிசினுக்கான குட்டிச் சாமான். அதனால் அதை அப்படியே விட்டேன். உரப்பையில் சுற்றித் திரும்பவும் வைக்கப் பார்த்தால், கிடங்குக்குள் ஊற்றெடுத்துத் தண்ணி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் சனம் கதைத்துக்கொண்டு வருகிற சத்தம். பதறிப்போனேன். பத்து அடி தள்ளி, தென்னம்பிள்ளை வைக்க என்று அக்கா ஒரு கிடங்கு வெட்டி வைத்திருந்தா. துவக்கை அதற்குள் போட்டு, மண்ணை இழுத்து, தென்னம்பிள்ளையைத் தூக்கி மேலே நட்டேன். பழைய கிடங்கையும் அவசரமாக மூடினேன். எண்ணெய் துடைத்த சீலைத்துண்டு அதற்குள் விழுந்ததை நான் காணவில்லை.

அக்கா முக்காட்டோடு படலையைத் திறந்தா. "என்ன தம்பி, தென்னம்பிள்ளையும் வைச்சிட்டீரோ! நல்லாயிருப்பீர். நான் உவனிட்டை ஒரு மாதமாச் சொல்லிக் களைச்சுப்போனன்." எனக்குத் தேத்தண்ணியும் ஊற்றித் தந்தா. குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ திரும்பி வந்தாய். தேத்தண்ணிக் கடையில் எனக்கு எதிரே இருந்து ஒரு பணிஸைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்தாய். அப்போது சொல்லியிருக்கலாம். 'மச்சான், இடம் மாத்தியிருக்கிறன்' என்ற மூன்று சொல். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் நீ தோண்டிப் பார்த்துத் திரும்பக் கிறீஸ் பூசிவிடுவாய், நான் வெல்ல ஏலாது. அதனால் விழுங்கினேன். "ஏனடா சிரிக்கிறாய்?" என்று நீ கேட்டாய். சும்மா என்றேன். உன்னோடு நான் கதைத்த கடைசிச் சொல் அதுதான்.

அடுத்தநாள் புதன்கிழமை விடியத் துவக்குக் கேட்டு வந்துவிட்டார்கள். யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறான். நீ பொய் சொல்லவில்லை. "இருக்கு, தாட்டு வைச்சிருக்கிறன், எடுத்துத் தாறன்" என்று நேரே பூவரசடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உன் கையாலேயே தோண்டினாய். கிடங்கு வெறுமை. யாரிடம் கொடுத்தாய், யாருக்கு வித்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். தெரியாது என்றாய். ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் ஒன்பது மணிக்கே என் காதுக்கு வந்துவிட்டது. இன்னும் சந்தியில்தான் உன்னை வைத்திருக்கிறார்கள், வாகனம் வெளிக்கிடவில்லை என்றும் சொன்னார்கள். சைக்கிளில் பாய்ந்தேன். ஓடிப்போய் 'அவன் பொய் சொல்லேல்லை, தென்னம்பிள்ளைக்குக் கீழை கிடக்கு' என்று சொல்லவேண்டும். சந்திக்கு ஒரு வளைவு இருக்கும்போது வாகனத்தின் பின்பக்கம் தெரிந்தது. அதற்குள் நீ இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நீலக் கரை தெரிந்தது. மச்சான், நான் பிறேக்கைப் பிடித்தேன். சைக்கிளைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து இருந்தேன். ஆசைக்கு ஒரு பொய்யாவது எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நான் திருப்பிக்கொண்டு வந்தேன்.

நீ வரவில்லை. உடம்பும் வரவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கிடங்கு வெறுமையாய்க் கிடந்ததை எல்லாரும் கேள்விப்பட்டார்கள். "துவக்கை வித்துப்போட்டு நாடகம் ஆடினவன்" என்றார்கள். அக்காவுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த இடமும் அந்தக் கதையோடு நின்றது. அவ உன் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, காணாமல்போன பிள்ளைகளைத் தேடுகிற சனத்தோடு யாழ்ப்பாணத்தில் ரோட்டோரம் இருக்காத வெய்யில் இல்லை. நான் சிலநாள் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு இருந்தேன். சனம் என்னைப் பார்த்து, "சிநேகிதன் எண்டால் உவன்தான்" என்றது.

தென்னை வளர்ந்தது. காய்க்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு குலைக்கும் முதல் இரண்டு தேங்காய் எனக்கு. "தம்பி வைச்ச மரம், தம்பிக்குத்தான் முதல்" என்பா. வாங்கிக்கொண்டு வந்து அல்லைப்பிட்டி பாலத்தடியில் தண்ணிக்குள் எறிந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவேன். ஒருதரம் மனிசிக்குத் தெரியாமல் போய், அந்தத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துவிட்டாள். ஒரு வாய் வைத்தேன். இரும்பு மணந்தது. என் விசர்தான், தெரியும். ஆனாலும் மணந்தது.

புதன்கிழமை பொலிசும் பெக்கோவும் போனபிறகு, நானும் அக்காவும் மட்டும். தென்னை முற்றத்தில் படுத்துக் கிடந்தது. அவ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பவும் ஒரு பொய் சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்காமல் இருந்ததுதான் என்னை உடைத்தது. மண்ணிலே இருந்துவிட்டேன். கிறீஸ், எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை, பணிஸ், சந்தி, சைக்கிள், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடியும்வரைக்கும் அவ கதிரைப் பிடியிலிருந்து கை எடுக்கவில்லை.

பிறகு கேட்டா: "உம்மட எண்ணெய் என்ன மணம் தம்பி?"

"கராம்பு, அக்கா. அண்டைக்குப் பிறகு விடுறேல்லை."

அக்கா கண்ணை மூடினா. "அவன் கிடங்குக்குள்ளை கையை விட்டுத் தேடினவன். ஒரு சீலைத்துண்டு வந்தது. அதை எடுத்து மணந்து பார்த்தவன். குசினி வாசலிலை நிண்டு நான் கண்ணாலை கண்டனான். மணந்துபோட்டு ஒரு சின்னச் சிரிப்புச் சிரிச்சவன் தம்பி. துவக்குப் பிடியாலை அடி விழுகுது, அவன் சிரிக்கிறான். பேந்து ஒருத்தருக்கும் தெரியாமல் அதைச் சாரக்கட்டுக்குள்ளை செருகினவன். இவ்வளவு வருஷமா நான் நித்திரையில்லாமல் யோசிக்கிறது அந்தச் சிரிப்பைத்தான். இண்டைக்குத்தான் விளங்குது."

நான் அவவின் காலைப் பிடித்தேன். அவ இழுத்துக்கொண்டா.

"உம்மட பேரை ஒருக்கால் சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான். சொன்னால் உம்மைக் கொண்டுபோயிருப்பினம். அதாலை அவன் சொல்லேல்லை. அது அவன்ர விருப்பம், அதுக்கு நான் உம்மைக் கேக்கேலாது. ஆனால் நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம். ஊர் அவனைக் கள்ளன் எண்ட நேரம், இல்லையெண்டு சொல்ல எனக்கு ஒரு சொல்லுக் கிடைச்சிருக்கும். இவ்வளவு தேங்காய் வாங்கிக்கொண்டு போனீரே தம்பி, ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே."

ஐயோ, அவ கத்தியிருக்கலாம். அகப்பைக்காம்பால் அடித்திருக்கலாம். தாழ்ந்த குரலில்தான் சொன்னா. பிறகு எழும்பி, கதவைச் சாத்த முதல், "ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கோயிலடிக்கு வாரும். எனக்குச் சொன்னதைச் சனத்துக்கும் சொல்லும். அதுக்குப் பிறகு இந்தப் படலைக்குள்ளை வராதையும்" என்றா.

போவேன், மச்சான். சந்தி வளைவில் இந்தமுறையும் பிறேக் பிடிப்பேனோ என்று எனக்கே என்னில் பயம். அதனால் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போவது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கவேண்டும். அந்தச் சீலைத்துண்டை எவ்வளவு நேரம் வைத்திருந்தாய்? எந்த இடத்தில் அதைப் பறித்தார்கள்? இல்லை, இப்போதும் எங்கேயோ மண்ணுக்குள் உன் சாரக்கட்டோடு என் கராம்பு எண்ணெய் கிடக்கிறதோ? உன் கிறீஸை நான் என் விரலில் வைத்துக்கொண்டு மணக்கிறமாதிரி, நீயும் அதை மணந்துகொண்டுதான் போனாயோ?

அந்த வாடைக்காலத்துக் கடையில் நீ கேட்ட பாதிக்கு இப்போது பதில் சொல்கிறேன். குழல் உக்கிப் போய்விட்டது. பூட்டு இன்னும் வேலை செய்கிறது. பொலிஸ்காரர் அமத்த, டிக் என்றது. நீதான் சரி, மச்சான். கிடக்கிற சாமானுக்குக் கிறீஸ்தான். நான் ஒத்துக்கொள்கிறேன்.